முதலில் கத்தரி, பிறகு கேமரா

வீடியோ எடுக்கப் பழக வேண்டும் என்ற ஆசை வந்ததும் எல்லோரும் முதலில் விசாரிப்பது கேமராவின் விலையைத்தான். மும்பையின் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் எனக்குப் பழக்கமானவர்களில், அப்படி விசாரித்து, வி.டி. (இன்றைய சி.எஸ்.எம்.டி.) ரயில் நிலையத்தை ஒட்டிய போரா பஜார் கடைகளில் பேரம் பேசி வாங்கி, இரண்டு கல்யாணங்களிலும் ஒரு சீமந்தத்திலும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்ற பிறகு, கேமராவைப் பையோடு பரணில் ஏற்றிவிட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆர்வம் வற்றிவிடவில்லை. எடுத்து வந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் போயிற்று. பத்து வினாடிக் கிளிப்புகள் ஒரு குவியலாகக் கிடக்கும், எதற்குப் பின் எதை வைப்பது என்பது புலப்படாது, ஒரு சினிமாப் பாட்டைப் பின்னால் ஓடவிட்டு ஒட்டி முடித்தால் பார்ப்பதற்கு வீட்டாரே முன்வர மாட்டார்கள். ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை தலைகீழானது: முதலில் வெட்டிச் சேர்க்கப் பழகுங்கள், கேமராவைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

வெட்டிப் பழகுவதற்கான சரக்கு உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. பிள்ளையின் பள்ளி ஆண்டு விழா, கணபதி விசர்ஜன ஊர்வலம், கோடை விடுமுறையில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் கர்ஜத் அருகே மலைத்தொடரைக் கடக்கும்போது ஜன்னல் வழியாக எடுத்தது என்று ஏதாவது ஒரு நாளின் கிளிப்புகள் எல்லோரிடமும் இருக்கும். அந்த ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை ஒரு நிமிடத்துக்குள் அடக்கிப் பாருங்கள். பாட்டு வேண்டாம், ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாகும் வித்தைகள் வேண்டாம், எழுத்துகள் பறந்து வர வேண்டாம். நேரடியான வெட்டு மட்டும். பாட்டைச் சேர்த்தால் எந்த வெட்டும் சுமாராகப் பொருந்திவிட்டதுபோலத் தோன்றும், கண் ஏமாந்துவிடும். பாட்டில்லாமல் பார்க்கும்போதுதான் ஒவ்வொரு கிளிப்பும் செயல் தொடங்கிய பிறகு தொடங்கி, அது முடிவதற்குள் முடிந்துவிடுகிறது என்பதும், கேமரா ஓரிடத்திலும் நிற்காமல் இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டே இருக்கிறது என்பதும், எல்லாமே நின்ற நிலையில் கண் உயரத்திலிருந்து ஒரே தூரத்தில் எடுக்கப்பட்டவை என்பதும் தெரியவரும்.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதற்கும், டைம்லைனில் (எடிட்டிங் மென்பொருளில் கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) உட்கார்ந்து தேடித் தெரிந்துகொள்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. குழந்தை மேடையில் வசனத்தை மறந்து விழிக்கிறது. அந்த இடத்தில் கீழே உட்கார்ந்திருந்த பாட்டியின் முகம் ஒரே ஒரு வினாடி கிடைத்தால் போதும், காட்சி உயிர்பெற்றுவிடும். எடுத்தவற்றையெல்லாம் புரட்டிப் பார்த்தும் பாட்டி கிடைக்கவில்லை என்றால், அடுத்த முறை எந்த விழாவுக்குப் போனாலும் பார்வையாளர்களின் முகத்தை எடுக்க யாரும் நினைவூட்ட வேண்டியிருக்காது. இன்னொரு நாளில் எடுத்த பாட்டியின் முகம் கிடைத்து, அதை இங்கே வைத்தால் என்ன என்று தோன்றினால் தாராளமாக வைத்துப் பாருங்கள். ரஷ்யத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் செய்து காட்டியது இதைத்தான்: ஒரே நடிகரின் அசையாத முகத்தை வெவ்வேறு காட்சிகளுக்குப் பக்கத்தில் வைத்தபோது, பார்த்தவர்கள் அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் கண்டார்கள் என்பது அவரது சோதனையைப் பற்றித் திரைப்பட வகுப்புகளில் வழிவழியாகச் சொல்லப்படுவது. பாட்டி அன்று சமையலறையில் குக்கரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். டைம்லைனில் பேரனைப் பார்க்கிறாள்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பிலேயே 3840-க்கு 2160 அளவு வரை வெளியிட முடியும், வாட்டர்மார்க் விழாது. ஆனால் அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் உள்ள கணினி தேவை. அலுவலகத்தில் கழித்துக் கொடுத்த பழைய லேப்டாப்தான் இருக்கிறது என்றால் ஷாட்கட் அல்லது கேடென்லைவ் போதும், இரண்டும் முழுக்க இலவசம். ஒரு தொல்லையை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கைப்பேசிகள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தை, அதாவது ஒரு வினாடியில் பதிவாகும் படங்களின் எண்ணிக்கையை, தாமே ஏற்றி இறக்கிக்கொள்ளும். அப்படிப் பதிவான நீண்ட கிளிப்பை எடிட்டிங் மென்பொருளில் போட்டால், போகப்போக உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடக்கூடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கினால் அந்தத் தலைவலி இல்லை.

பழைய கிளிப்புகளில் சில வாரங்கள் கைபழகிய பிறகு, புதிதாக எடுக்கும் முதல் பயிற்சிக்கு மும்பைக்காரர்களுக்கு ஒரு முன்னோடி வரலாறே இருக்கிறது. 1896 ஜூலை 7 அன்று காலா கோடாவில் இருந்த வாட்சன் ஹோட்டலில்தான் சினிமாவின் முன்னோடிகளான பிரான்ஸின் லூமியேர் சகோதரர்களின் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டன. ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 50 வினாடி. கேமராவில் அவ்வளவு நீளச் சுருள்தான் கொள்ளும். வெட்டு கிடையாது, கேமரா பெரும்பாலும் நகராது. அந்தப் படங்களைப் பார்த்து மயங்கியவர்களில் ஒருவர் இந்த ஊரில் புகைப்பட நிலையம் நடத்திவந்த ஹரிச்சந்திர சகாராம் பாட்வடேகர். இங்கிலாந்திலிருந்து ஒரு கேமராவைத் தருவித்து, 1899-இல் தொங்கும் தோட்டத்தில் நடந்த ஒரு மல்யுத்தத்தைப் படம்பிடித்தார். சுருளைக் கழுவுவதற்கு லண்டனுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கப்பலில் போய்த் திரும்பி வரும்வரை தான் எடுத்தது சரியாக விழுந்திருக்கிறதா என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. அப்படிப்பட்ட நிலையில் ஒருவர் எங்கே நின்று எடுப்பது என்பதை எவ்வளவு யோசித்திருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

அந்த 50 வினாடிக் கட்டுப்பாட்டையே பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். கைப்பேசியை ஒரு சின்ன ட்ரைபாடிலோ, அதுகூட இல்லையென்றால் ஒரு மதில்சுவரின் மீதோ அசையாமல் நிறுத்தி, ஐம்பது வினாடி ஓடவிடுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முழு வேலையும். மாட்டுங்கா ஐந்து தோட்டத்தில் காலை ஏழு மணிக்கு நடைப்பயிற்சிக்காரர்கள் ஒரே திசையில் சுற்றுவார்கள். அந்தச் சுற்றுக்கு நேர்குறுக்கே கேமராவை வைத்தால் ஆட்கள் இடமிருந்து வலமாக வெட்டிக்கொண்டு போவார்கள், படத்தில் ஆழம் இராது. பாதையின் வளைவில் வைத்தால் தொலைவிலிருந்து புள்ளியாக வருகிறவர் பெரிதாகிப் பக்கவாட்டில் மறைவார். ஐம்பது வினாடிக்குள் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் தானாகவே அமையும். இதைச் சிலமுறை செய்த பிறகு, கேமராவைத் துழாவும் பழக்கம் கையைவிட்டுப் போய்விடுவதைக் காணலாம். ஏதாவது ஒன்று ஃபிரேமுக்குள் வரும் என்று காத்திருப்பதற்குப் பொறுமை வேண்டும், அது எல்லோருக்கும் உடனே வராது.

பாட்வடேகருக்குப் பிறகு தாதாசாகேப் பால்கே இன்னொரு வழியைக் காட்டினார். 1912-இல், பணம் போடுகிறவர்களுக்குத் தன் திறமையை நிரூபித்தாக வேண்டிய கட்டாயத்தில், ஒரு தொட்டியில் பட்டாணியை ஊன்றி, அது முளைத்துக் கொடியாவதை ஒரு மாதத்துக்கும் மேலாகக் கேமராவில் சிறுகச் சிறுகப் பதிவுசெய்தார்; பார்ப்பதற்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் குறும்படம் கிடைத்தது. அவர் வாழ்ந்த தாதரில் இன்று அவர் பெயரிலேயே ஒரு சாலை இருக்கிறது. இப்போது பெரும்பாலான கைப்பேசிகளில் டைம்லேப்ஸ் என்ற பெயரில் அந்தப் பட்டாணிப் படத்தின் உத்தி ஒரு பொத்தானாக இருப்பதால் யாரும் மதிப்பதில்லை. எங்கே வெட்டுவது என்பதைப் படம்பிடிக்கும்போதே முடிவுசெய்த வேலை அது என்பதால் நான் அதை இங்கே குறிப்பிடுகிறேன்.

மூன்றாவது பயிற்சியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே கேமராவை வைத்துக்கொண்டு, பல கோணங்களில் எடுத்ததுபோன்ற தொடர்ச்சியுள்ள ஒரு காட்சியை உருவாக்குவது எப்படி என்பதுதான் தொடங்குகிறவர்களைத் திணறடிக்கும் இடம். இதற்கு நான் கண்ட நல்ல வழி, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடக்கும் கைவேலை ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. தோசை வார்ப்பது, துணி தேய்ப்பது, வெற்றிலை மடிப்பது, தாராவி கும்பார்வாடாவில் சட்டி வனைவது என்று எதுவானாலும் சரி. ஒரு சுற்றை அகலமாக எடுக்கலாம், அடுத்த சுற்றை நெருக்கமாக எடுக்கலாம், அதற்கடுத்ததைத் தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கலாம். கை ஒரே அசைவைச் செய்துகொண்டிருப்பதால், டைம்லைனில் சேர்க்கும்போது அவை ஒரே கணத்தில் மூன்று கேமராக்கள் எடுத்தவைபோலப் பொருந்திவிடும்.

மாட்டுங்கா கிழக்கு ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள பூக்கடைகளில் ஒரு அக்கா பூக்கட்டுவதை நான் இப்படி எடுத்தேன். எடுப்பதற்கு முன் கேட்டபோது அவர், "கையை எடுத்துக்கோ தம்பி, மூஞ்சி வேண்டாம். போணி ஆகுற நேரம், குறுக்கே நிக்காம எடு" என்றார். அதனால் முகமே இல்லாத படம் அது என்று முடிவாயிற்று, வேலையும் எளிதாயிற்று. ஈரச் சாக்கில் குவிந்த மல்லிகை மொட்டுகளிலிருந்து இரண்டை எடுத்து இடது கை விரல்களுக்கு நடுவே வைக்கிறார், எதிர்ப்புறமாக இன்னும் இரண்டை அடுக்குகிறார், வலது கை நனைத்த வாழைநாரைக் காம்புகளைச் சுற்றிக் கொண்டுவந்து, கண்ணிக்குள் விட்டு, சுண்டி இழுக்கிறது. இழுக்கும் அந்தக் கணத்தில் நாரிலிருந்து ஒரு சொட்டு நீர் தெறிக்கிறது. முழு அசைவும் கண் இமைக்கும் நேரம்தான். அடுத்த கண்ணி உடனே தொடங்கிவிடுகிறது. மடியில் சரம் ஒரு முழம் ஒரு முழமாகச் சுருண்டு விழுகிறது.

வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதை அந்த அசைவே சொல்லித்தருகிறது. அகலமான ஷாட்டில் வலது கை நாரைச் சுண்டத் தொடங்கும்போது வெட்டி, நெருக்கமான ஷாட்டில் சுண்டி முடிப்பதில் சேர்த்தால் பார்ப்பவரின் கண் வெட்டைக் கவனிக்காது. அசைவைப் பின்தொடர்ந்து போய்விடும். இரண்டு அசைவுகளுக்கு நடுவே கை ஓய்ந்திருக்கும் நேரத்தில் வெட்டினால் வெட்டு கண்ணில் பட்டுவிடக்கூடும். இரண்டு ஷாட்டுகளின் அளவும் தெளிவாக வேறுபட வேண்டும் என்பது இன்னொன்று. இடுப்பு வரை தெரியும் ஷாட்டிலிருந்து மார்பு வரை தெரியும் ஷாட்டுக்குப் போனால், ஏதோ கைத்தவறு நேர்ந்ததுபோல இருக்கும். இடுப்பிலிருந்து நேரே விரல்நுனிக்குப் போய்விடுவது நல்லது. ஒவ்வொரு ஷாட்டையும் குறைந்தது பத்து வினாடி அசையாமல் எடுங்கள், செயல் தொடங்குவதற்கு முன்பும் முடிந்த பின்பும் இரண்டு வினாடி கூடுதலாக ஓடவிடுங்கள்; அந்தக் கூடுதல் ஓட்டம் இல்லாத ஷாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடிட்டிங்கில் பயன்படாது.

வாடிக்கையாளர் வந்து முழம் என்ன விலை என்று இந்தியில் கேட்பதும், அக்கா மராத்தியில் பதில் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரிடம் தமிழில் சில்லறை கேட்பதும் அந்தப் படத்தின் ஒலியில் இருந்தன. முகத்தைக் காட்டாமலே அவர் யார், எந்த ஊர் என்பதெல்லாம் குரலிலேயே வந்துவிட்டது. குரல் முதலில் கேட்டு, அரை வினாடி கழித்து அடுத்த காட்சி வந்தால் வெட்டு இன்னும் மெலிதாகத் தோன்றும். இதை ஜே-கட் என்று சொல்வார்கள். டைம்லைனில் அடுத்த காட்சியின் ஒலிப் பட்டையைப் படத்திலிருந்து பிரித்து, அதன் தொடக்க முனையை மட்டும் இடப்பக்கமாக நீட்டிவிட்டால் முடிந்தது.

ஒலியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டபடியால் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இந்த நகரத்தில் வீடியோ எடுக்கிறவருக்கு முதல் எதிரி இரைச்சல். செம்பூரில் எந்தத் தெருவில் நின்றாலும் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை ஒன்று கண்ணுக்கும் காதுக்கும் தப்பாது. காட்கோபர், குர்லா பக்கம் என்றால் தலைக்குமேல் விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும். இவற்றோடு காகங்கள். கைப்பேசியின் சொந்த மைக் எல்லாத் திசை ஒலியையும் ஒன்றாக அள்ளிக்கொள்ளும் என்பதால் பேசுகிறவரின் குரல் அதற்குள் முங்கிவிடும். மைக்கைப் பேசுகிறவரின் வாய்க்கு அருகே கொண்டுபோவதைத் தவிர இதற்கு மருந்தில்லை. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளி பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும், தெருவின் இரைச்சல் கூடாது. சட்டையில் குத்தும் காலர் மைக் ஒன்று, ஆயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கத்தில் கிடைப்பது, பத்து மடங்கு விலையுள்ள லென்ஸைவிட உங்கள் படத்தைப் பார்க்கத்தக்கதாக்கும். பலரும் வாங்கும் போயா பி.ஒய்-எம்1 மைக்கின் ஒயர் 6 மீட்டர் நீளம், பட்டன் பேட்டரியில் ஓடும். கைப்பேசிக்கும் கேமராவுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் உண்டு.

இப்போதைய கைப்பேசிகள் பலவற்றில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாததால் ஒரு அடாப்டர் தேவைப்படும். லாமிங்டன் சாலையில் நூறு ரூபாயிலிருந்து விதவிதமாக வைத்திருப்பார்கள். அவற்றில் சில ஒலியை வெளியே அனுப்ப மட்டுமே தெரிந்தவை, மைக்கின் ஒலியை உள்ளே வாங்காது. கடையிலேயே கைப்பேசியில் செருகி, ஒரு நிமிடம் பதிவுசெய்து, மைக்கை விரலால் தட்டிய சத்தம் பதிவில் உரக்கக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். வீட்டில் பதிவுசெய்யும்போது மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் நிறுத்த வேண்டும் என்பதைப் புழுக்கத்தில் வியர்த்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஃபிரிட்ஜை மறுபடி போட மறக்காமல் இருக்க வண்டிச் சாவியை அதற்குள் வைப்பது நான் பலருக்குச் சொல்லிக்கொடுத்த தந்திரம். பேச்சு முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் வெறும் ஒலியையும் பதிவுசெய்யுங்கள். பேச்சின் நடுவே எதையாவது வெட்டி எடுத்த இடத்தில் முழு நிசப்தம் விழுந்தால் கேட்பவரின் காது திடுக்கிடும். அந்த இடைவெளியை இந்த ஒலியால் நிரப்பலாம்.

பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவுசெய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மும்பைத் தமிழர்களிடம் நல்ல கதைகள் இருக்கின்றன, ஆனால் கேள்வியின் அமைப்பு சரியில்லையென்றால் கதை வெளியே வராது. "எப்போ பம்பாய் வந்தீங்க?" என்று கேட்டால் "அறுபத்தெட்டுல" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள், உங்கள் கேள்வியை வெட்டிவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. "வி.டி.யில வந்து இறங்கின அன்னிக்கு என்ன நடந்ததுன்னு சொல்லுங்க" என்று கேட்டால் மாட்டுங்கா மாமாவானாலும் தாராவி அண்ணாச்சியானாலும் அவரே ஒரு தொடக்கத்தோடு சொல்லத் தொடங்குவார். அவர் நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். சில வினாடிகள் சும்மா இருந்தால், நிறுத்திய பிறகு சொல்வதுதான் பெரும்பாலும் படத்தில் நிற்கும்.

வெளிச்சத்தில் நம் நாட்டில் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்கர்கள் நடத்தும் பாடங்களில் பெரும்பாலும் அதைச் சொல்லமாட்டார்கள். இந்திய மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதனால் குழல்விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆனால் கைப்பேசி 30 ஃபிரேம் வேகத்தில் 1/60 வினாடி ஷட்டரில் (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம்) எடுக்கும்போது, ஃபிரேமுக்கு ஃபிரேம் விழும் ஒளியின் அளவு மாறுபடுவதால், படத்தில் கரிய பட்டைகள் ஊர்ந்துபோகும். 25 ஃபிரேம், 1/50 வினாடி ஷட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளியின் இரண்டு துடிப்புகள் முழுமையாக விழும், பட்டை மறைந்துவிடும். அசைவும் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் கேமரா அமைப்பில் PAL வடிவங்களைக் காட்டும் சுவிட்சைப் போட்டால்தான் 25 என்ற எண்ணே தென்படும். ஷட்டரையும் நாமே நிர்ணயிக்க பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி இரண்டு வகைக் கைப்பேசிகளுக்கும் இருக்கிறது. எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) வெண்சமநிலையையும் (நிறச் சாயல்) தானாக மாறாதபடி பூட்டிவிடுவது இதைவிட முக்கியம். பூட்டாவிட்டால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குறுக்கே போனதும் படம் முழுதும் இருண்டு மீளும், அதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு.

மழைக்காலத்தில் ஏ.சி. அறையிலிருந்து நேரே வெளியே வந்தால் லென்ஸில் பனி படியும். துடைக்காமல் கால் மணி நேரம் விட்டுவிட்டால் தானே தெளியும். ரயில் நிலைய வளாகங்களில் ட்ரைபாட் விரிக்க ரயில்வேயின் அனுமதி வேண்டும். ட்ரோன் ஆசையை இந்த ஊரில் விட்டுவிடுவது நல்லது. விமான நிலையம் ஒரு பக்கம், டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையம் இன்னொரு பக்கம், போதாததற்குக் காவல்துறையின் தடையுத்தரவுகள்.

தமிழில் தலைப்பு எழுதும்போது சில மென்பொருள்களில் ஒற்றைக்கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகச் சிதறும். அப்படி ஆனால் மென்பொருளோடு மல்லுக்கு நிற்காமல், வேறொரு செயலியில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவில் எழுதி, பின்னணி இல்லாத படமாகச் சேமித்து டைம்லைனில் வைத்துவிடலாம். வணக்கம் நண்பர்களே என்று தொடங்கும் அரை நிமிட முகவுரையும் சுழலும் லோகோவும் முதல் வெட்டிலேயே போக வேண்டியவை என்பது என் பிடிவாதமான கருத்து. பின்னணி இசை தேவைப்பட்டால் யூடியூபின் ஒலி நூலகத்தில் இலவசமாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். டீக்கடை வானொலியில் ஓடிய சினிமாப் பாட்டு உங்கள் பேட்டியின் பின்னணியில் விழுந்தாலே உரிமைக்கோரிக்கை வரக்கூடும். பதிவைத் தொடங்குமுன் கடைக்காரரிடம் சொல்லி வானொலியைக் குறைத்துவிடலாம், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

முடித்த படத்தை யாரிடமாவது காட்டும்போது திரையைப் பார்க்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் அவர் கண் விலகுகிறதோ, எந்த இடத்தில் கை தானாகத் தன் கைப்பேசியைத் தேடுகிறதோ, அந்த இடத்தின் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு வந்து அங்கே இரண்டு மூன்று வினாடி வெட்டுங்கள். "நல்லாயிருக்கு" என்று அவர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நம் ஊரில் யாரும் வேறு விதமாகச் சொல்லமாட்டார்கள்.

வெளியிடும்போது 1080பி அளவு, 25 ஃபிரேம், எச்.264 என்ற சுருக்கும் முறை போதும். இந்த அளவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது வினாடிக்கு 8 மெகாபிட். அந்தக் கணக்கில் ஒரு நிமிடப் படம் 60 எம்.பி. அளவில் வரும். அதை ஊரில் இருப்பவர்களுக்கு வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருக்கிக் கலங்கலாக்கிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், எடுத்தபடியே போய்ச் சேரும். மூலக் கிளிப்புகளை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில், எடுத்த தேதியும் இடமும் கொண்ட கோப்புறைகளில் போட்டு வையுங்கள். அடுத்த படத்துக்கு ஏதோ ஒரு முகமோ கையோ தேவைப்படும்போது முதலில் தேடிப் போவது அங்கேதான்.